ஓர் உளுந்து எடை

சித்த மருந்து நூல்களில் ஓர் எடைப் பட்டியல் இருக்கும். உளுந்து என்றால் 65 மில்லிகிராம். குன்றி 130, மஞ்சாடி 260, பணவெடை 488, மாத்திரை 780. வராகன் 4.2 கிராம், பலம் 35 கிராம். பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இந்த எண்களை 65ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழரை, பன்னிரண்டு என்று வந்து நிற்கும். வராகன் கிட்டத்தட்ட 65 ஆகும். செடியில் காய்க்கிற விதைகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த உளுந்தில் பத்து மணியை எடுத்துத் தனித்தனியாக நிறுத்தால் பத்தும் பத்து விதமாகக் காட்டும். பெரும்பாலானவை 65ஐ எட்டவே எட்டாது. பட்டியலைப் போட்டவர்கள் நடுவில் ஆங்கிலேயரின் 'கிரெயின்' என்ற அலகை வைத்துத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம். கிழக்கிந்தியக் கம்பெனி 1833இல் தோலாவை 180 கிரெயின் என்று வரையறுத்தது; ரூபாய் நாணயத்துக்கும் அதே எடைதான். மூன்று தோலாவைக் கூட்டினால் 34.99 கிராம். நம் பலம் அதுதான்.

மருந்துக் கடைகளில் இன்று கிரெயினைக் காண்பது அபூர்வம். ஆனால் அமெரிக்காவில் பல வீடுகளில் கார் நிறுத்துகிற கொட்டகைகளில் அது இன்னமும் அன்றாடம் புழங்குகிறது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் எடுத்து வைத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரைப் பொருத்தி, உள்ளே வெடிமருந்தை நிரப்பி, முனையில் குண்டைச் செருகித் திரும்பப் பயன்படுத்துவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். கடையில் வாங்குவதைவிடச் சீரான தோட்டாவைத் தானே செய்ய முடியும் என்பது குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் சொல்லும் காரணம். அவர்கள் மேசையில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். மேலே மருந்துக் குடுவை, பக்கவாட்டில் சுழலும் குழாய், கீழே தராசுத் தட்டு. வேண்டிய எடையைக் கிரெயினில் தட்டிவிட்டால் குழாய் சுழன்று மருந்தைக் கொட்டும். எடை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, கடைசியில் ஒவ்வொரு துகளாகத் தள்ளி நிறுத்திக்கொள்ளும். எந்தக் கருவியை வாங்குவது என்று அவர்கள் ஓயாமல் தர்க்கம் செய்கிறார்கள்.

திருநெல்வேலியில் அப்படி ஒரு கருவியை வாங்கி வைத்துத் தோட்டா நிரப்ப உட்கார்ந்தால் போலீஸ் வரும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அது நல்லதுதான் என்பது என் கட்சி. என்றாலும் அந்தத் தர்க்கத்தில் உள்ள கேள்வி தோட்டாவுக்கு மட்டும் உரியதல்ல. ஓர் உளுந்து எடை தூளை, தவறில்லாமல், திரும்பத் திரும்ப அதே அளவில் எடுப்பது எப்படி? பாளையங்கோட்டையில் பற்பம் என்ற நுண்ணிய மருந்துத் தூளை மடிக்கிறவருக்கும் டவுன் ரத வீதியில் பொற்பொடி நிறுக்கிறவருக்கும் இதே கேள்விதான்.

முதலில், எதற்கு நிறுக்க வேண்டும்? அளந்தால் போதாதா? பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கிகள் அளந்துதான் சுட்டன. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சுற்றிப் புகைந்த துப்பாக்கிகள், இரு தரப்பிலும், வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி இடித்துச் சுடுகிறவை. ஒரு சிறு குவளை அளவு, அவ்வளவுதான். கருமருந்து அந்தக் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள அழுத்தம் ஏறினாலும் அது எரியும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் கூட உதைக்கும், அதோடு சரி.

பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1884இல் புகையில்லா மருந்தைச் செய்ததும் கதை மாறியது. பிரிட்டனில் 1889இல் பிரெடரிக் ஆபெலும், வெற்றிடக் குடுவைக்காக நாம் அறிந்த ஜேம்ஸ் டூவரும் கார்டைட்டைச் செய்தார்கள். 1900களின் தொடக்கத்தில் நீலகிரியில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழுந்தது, இன்றும் இயங்குகிறது. இந்த வகை மருந்து அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் வாயு அதிகம். வாயு அதிகமானால் அழுத்தம் இன்னும் ஏறும். இப்படித் தன்னைத் தானே ஊதிவிட்டுக்கொள்கிற ஒன்றில், நூற்றுக்குச் சில பங்கு கூடினால் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் எகிறலாம். துப்பாக்கியே வெடித்துக் கையை இழந்தவர்கள் உண்டு.

அளவையின் சிக்கல் நம் வீட்டுப் படியில் இருப்பதுதான். அரிசியை மெல்லக் கொட்டி அளந்த படியும், படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி அளந்த படியும் ஒன்றல்ல என்று நெல் அளந்த தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துகள்களுக்கு நடுவே உள்ள காற்றையும் சேர்த்துத்தான் படி அளக்கிறது. எடைக்கு அந்தக் காற்றுப் பொருட்டில்லை.

சரி, நிறுப்போம். பழைய தட்டார் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருந்த சிறு தராசு ஓர் ஒப்பீட்டுக் கருவி. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பொன். இரண்டையும் பூமி ஒரே மாதிரி இழுப்பதால் இழுவிசை கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். அந்தத் தராசைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் கணக்குப் பிசகாது. இன்றைய மின்னணுத் தராசில் மறு தட்டே இல்லை. அது ஒப்பிடுவதில்லை, தன்மேல் விழும் விசையை அளந்து, அதை எடையாக நமக்குச் சொல்கிறது.

விலை குறைந்த தராசுகளிலும் பெரும்பாலான மருந்து கொட்டும் கருவிகளிலும் இருப்பது லோட் செல். விரல் நீள அலுமினியக் கட்டை ஒன்று. அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோகத் தகட்டுக் கோலங்கள். தட்டில் பாரம் ஏறும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கோலத்தின் கம்பி நீள்கிறது. நீண்ட கம்பியின் மின்தடை கூடுகிறது. கலிஃபோர்னியாவில் எட்வர்ட் சிம்மன்ஸ், மாசசூசெட்ஸில் ஆர்தர் ரூஜ் என்ற இருவர் 1938இல் ஒருவரை ஒருவர் அறியாமல் இந்த வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அழகான வித்தைதான். ஆனால் அது தருகிற சமிக்ஞை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 100 கிராம் தாங்கும் செல் ஒன்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்தில் அது திருப்பித் தருவது சுமாராக 5 மில்லிவோல்ட். அப்படியானால் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோவோல்ட். டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை மூன்று கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு. அறை கொஞ்சம் சூடானால், பக்கத்தில் செல்போன் அடித்தால், கட்டை நேற்றைய பாரத்தின் சோர்விலிருந்து முழுக்க மீளாமலிருந்தால், இதைவிடப் பெரிய மின்னழுத்தம் சும்மாவே வந்து போகும். அதனால்தான் லோட் செல் வைத்த கருவிகள் பெரும்பாலும் 0.1 கிரெயினோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆறரை மில்லிகிராம், உளுந்தில் பத்தில் ஒரு பங்கு.

அதற்கு மேல் போக வேண்டுமானால் வேறு வழி. மின்காந்த விசையால் ஈடுகட்டுகிற தராசு, தட்டை வளைய விடுவதே இல்லை. ஒலிபெருக்கியில் இருப்பது போலவே காந்தத்துக்குள் ஒரு சுருள். பாரம் ஏறித் தட்டு இம்மி இறங்கியதும் ஓர் ஒளிக்கண் அதைப் பார்த்துவிடும். சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டித் தட்டைப் பழைய இடத்துக்கே தூக்கிவிடும். அப்படித் தூக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ, அதுதான் எடை. எதுவும் வளையாததால் சோர்வும் இல்லை, சீக்கிரம் நிலைக்கும். ஒரு மில்லிகிராமை நம்பிக்கையோடு காட்டுபவை இவை. நகைக்கடைகளிலும் ஆய்வகங்களிலும் நல்ல தராசு என்று எடுத்து வைப்பது பெரும்பாலும் இந்த வகையைத்தான். கோல்போன்ற வெடிமருந்துத் துகள் ஒன்று சுமார் ஒன்றேகால் மில்லிகிராம் இருக்கும். ஆகவே ஒற்றைத் துகளை உணர்கிற தராசு இது.

இரண்டு வகையும் விசையைத்தான் அளக்கின்றன. இங்கேதான் திருநெல்வேலி உள்ளே வருகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. 8.7 டிகிரி வடக்கில் இருக்கும் நமக்கு ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78, டெல்லியில் 9.79, ஜெர்மனியின் நடுப்பகுதியில் 9.81. ஜெர்மனியில் சரிபார்த்துப் பெட்டியில் அடைத்த தராசைத் திருநெல்வேலி ஜங்ஷனில் பிரித்து, எதையும் திருத்தாமல் 100 கிராம் படிக்கல்லை வைத்தால் 99.7 என்று காட்டும். டெல்லியில் சரிபார்த்தது 99.9 காட்டும். பழுது ஒன்றும் இல்லை. தராசு உண்மையைத்தான் சொல்கிறது, டெல்லிக் கணக்கில் சொல்கிறது. ஒரு பவுனுக்கு 8 மில்லிகிராம் இதனால் ஏறி இறங்கலாம் என்றால் தட்டாருக்கு அது விளையாட்டில்லை. இதே தராசை ஊரிலிருந்து மாஞ்சோலைக்கு ஏற்றிக்கொண்டு போனால்கூட, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், 100 கிராமுக்கு 20, 30 மில்லிகிராம் மறைந்துவிடும். வாங்கிய இடத்தில் இல்லாமல் வைக்கப்போகும் மேசையில், படிக்கல்லைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கையேட்டில் அச்சடித்திருப்பது இதற்காகத்தான். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, தராசின் முகத்தில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் படிப்போம். வாங்குகிறவர்கள் பார்ப்பது திரையில் எத்தனை இலக்கம் என்பதை. விற்கிறவர்களும் அதையே காட்டுவார்கள். தகட்டில் நான்கு எண்கள் இருக்கும். அதிகபட்சம் 200 கிராம், குறைந்தபட்சம் 20 மில்லிகிராம், ஈ என்பது 10 மில்லிகிராம், டி என்பது 1 மில்லிகிராம். பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் இரண்டு என்ற ரோமன் எண். அது துல்லியத்தின் வகுப்பு. டி என்பது திரையில் தெரியும் கடைசிப் படி. ஈ என்பது சட்டம் சோதிக்கும் படி. இரண்டாம் வகுப்புத் தராசு முத்திரை வாங்கும்போது, 5,000 ஈ வரை, அதாவது இந்தத் தராசில் 50 கிராம் வரை, அரை ஈ பிழை இருக்கலாம். 5 மில்லிகிராம். புழக்கத்தில் இருக்கும்போது அதன் இரட்டிப்பு, 10 மில்லிகிராம். திரை ஒரு மில்லிகிராமைக் காட்டிக்கொண்டே இருக்கும். முத்திரையோ பத்து மில்லிகிராமுக்குத்தான் உத்தரவாதம். ஓர் உளுந்து எடை தூளில் இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. நல்ல தராசுகள் நடைமுறையில் இதைவிட வெகுவாகச் சரியாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது உற்பத்தியாளரின் நல்ல மனசு, சட்டத்தின் கட்டாயம் இல்லை.

குறைந்தபட்சம் என்ற எண்ணைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அதற்குக் கீழே நிறுத்தால் திரை ஏதோ ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். அதை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் அந்த எண்ணே தகட்டில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, வியாபாரத்தில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தோட்டா மருந்துக் கருவிகளுக்கு இந்தத் தகடும் முத்திரையும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றில் 'பிளஸ் ஆர் மைனஸ் 0.1 கிரெயின்' என்று விளம்பரத்தில் வருவது கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

அதனால் முதல் செலவு தராசுக்கு இல்லை, படிக்கல்லுக்கு. எஃப் ஒன்று என்ற வகுப்பில் 20 கிராம் படிக்கல்லின் பிழை 0.25 மில்லிகிராமுக்குள் இருக்கும். எம் ஒன்று வகுப்பில் அதே கல்லுக்கு 2.5 மில்லிகிராம் வரை போகலாம். கருவியோடு இலவசமாகத் தரும் கல் எந்த வகுப்பு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தனியாக வாங்குங்கள். கல்லை வெறும் விரலால் எடுக்கக் கூடாது. விரல் எண்ணெயும் வேர்வையும் ஒட்டினால் அதுவே மில்லிகிராமின் பின்னங்களில் எடை கூட்டும்.

காற்றுக்கு வருவோம். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். குற்றாலத்தில் சாரல், கிழக்கே கயத்தாற்றில் காற்றாலைகள் விடாமல் சுற்றும். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான். காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமும் இன்று அங்கே இருக்கிறது. காற்றாலைக்காரருக்கு விருந்து. தராசுக்காரருக்கு?

பத்து சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்றின்மேல், மேலிருந்து விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறியின் சாதாரணக் காற்றே அதைவிட வேகம். அந்தக் காற்றின் அழுத்தத்தைத் தட்டின் பரப்பால் பெருக்கினால், அது சுமார் 480 மில்லிகிராம் பாரத்துக்குச் சமம். உளுந்துக் கணக்கில் ஏழு. வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் பாரம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் ஐம்பது மில்லிகிராம் மிச்சம். கதவிடுக்கில் நுழைந்து வரும் மெல்லிய காற்றே அவ்வளவு இருக்கும். டவுன் நகைக்கடையில், கண்ணாடிப் பெட்டி இல்லாத தராசில் பொடி நகை ஏறும்போது, "அண்ணாச்சி, ஃபேனக் கொஞ்சம் அமத்துங்க" என்று விவரமான ஆச்சிமார் சொல்வது இந்தக் கணக்கைப் போடாமலே போட்டதுதான். தோட்டாக் கருவிகளில் பலவற்றுக்குத் தட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும் இருக்கும். நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த பெட்டி உள்ள தராசைத்தான் நம் ஊரில் வாங்க வேண்டும். மேசையும் சுவரோரம், சன்னலுக்கு எதிரே இல்லாமல், நல்ல பாரமான கல்மேசையாக இருந்தால் உத்தமம்.

இனி கொட்டும் பகுதி. கருவி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில் ஒரு சிரமம் உண்டு. தராசு நிலைத்து எண் சொல்ல ஒரு விநாடி பிடிக்கும். அந்த ஒரு விநாடியில் குழாய் இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கும்; குழாய் முனையிலிருந்து தட்டு வரை அந்தரத்தில் சில துகள்கள் விழுந்துகொண்டிருக்கும்; விழுகிற துகளின் மோதல் வேறு எடையாகத் தெரியும். அதனால் கருவியின் மென்பொருள் முன்கூட்டியே யூகித்து வேகத்தைக் குறைக்கிறது. ஒரே குழாயை வைத்து வேகமாகவும் மெதுவாகவும் சுற்றுகிற கருவிகளைவிட, மொத்தமாகக் கொட்ட ஒரு பெரிய குழாயும் கடைசித் துகள்களுக்கு ஒரு சின்னக் குழாயும் என்று இரண்டு வைத்தவை சீக்கிரமும் முடிக்கும், தாண்டாமலும் நிற்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த சூழ்ச்சி வேறொன்று. பெரும்பாலான மின்னணுத் தராசுகளில் பூஜ்யத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. தட்டில் ஒன்றும் இல்லாதபோது வெப்பத்தால் எண் மெல்ல நகர்ந்தால், தராசு அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் காலித் தட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு, சிட்டிகையிலிருந்து ஒவ்வொரு துகளாக, மிக மெதுவாக உதிர்த்துப் பாருங்கள். திரை பூஜ்யத்திலேயே நிற்கும். துகள் விழுவதும் வெப்பத்தில் நகர்வதும் தராசுக்கு ஒன்றாகத் தெரிகிறது. விழ விழ விழுங்கிக்கொள்கிறது. தூளைக் கொட்டிவிட்டுக் காலித் தட்டைத் திரும்ப வைத்தால்தான் விழுந்ததெல்லாம் ஒரே மூச்சில் கழித்தல் எண்ணாக வரும். சில தராசுகள் பூஜ்யத்தில் மட்டுமின்றி, நிலைத்துவிட்ட எந்த எண்ணிலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்கும். கையால் மருந்து நிறுக்கிறவர் கடைசித் துளியை உதிர்க்கும்போது ஏமாறுவது இங்கேதான். கடையில் தராசு வாங்கும்போது செய்து பார்க்க வேண்டிய ஒரே சோதனை என்றால் இதைத்தான் சொல்வேன். இந்த வசதியை அணைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அணைக்க முடியாத தராசு, கொட்டும் கருவியோடு இணைக்க லாயக்கில்லாதது.

கருவியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் தூளைப் பற்றிப் பேசுவதில்லை. வெடிமருந்துத் துகள்கள் மேல் கிராஃபைட் பூசியிருப்பார்கள். நிலைமின்சாரம் தங்காமல் போகவும், ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கி ஓடவும் அந்தப் பூச்சு. குழாயைச் சுழற்றினால் துகள்கள் வரிசையாக வந்து விழுவதற்கு அந்தத் தயாரிப்பும் பாதிக் காரணம். சங்கு பற்பத்தையோ அயச் செந்தூரத்தையோ அதே குடுவையில் கொட்டினால் என்ன ஆகும்? பற்பம் சரியாக முடிந்ததா என்று பார்க்க வைத்தியர்கள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பார்கள். ரேகைப் பள்ளங்களுக்குள் அது போய் உட்கார வேண்டும். நீரில் தூவினால் மிதக்க வேண்டும். அவ்வளவு நுண்மையான தூளில் துகளின் எடையைவிடத் துகளுக்குத் துகள் உள்ள ஒட்டுவிசை பெரிது. டெரெக் கெல்டார்ட் என்ற பொறியாளர் 1973இல் தூள்களை நான்கு இனமாகப் பிரித்தார். சுமார் 30 மைக்ரானுக்குக் கீழே இருப்பவை ஒட்டும் இனம், தானாக ஓடாது. குடுவையின் அடியில் தூள் வளைவாக இறுகி நிற்கும், கீழே வெறும் ஓட்டை இருக்கும், ஒன்றும் விழாது. தட்டினால் கட்டியாக மொத்தமும் விழும். துகள் துகளாகக் கொட்டுவதற்கென்றே வடிவமைத்த கருவிக்கு இதில் வேலை இல்லை. பற்பம் மடிக்கிறவர் தானியங்கிக் கருவிக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தண்டம். சூரணம் அவ்வளவு மோசமில்லை; சலித்த சூரணம் ஓரளவு ஓடும்.

நிலைமின்சாரம் தனிப் பிசாசு. கோடையில் காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் தட்டில் தூளைப் போட்டால் துகள்கள் சுவரேறும். மின்னூட்டம் ஏறிய தட்டைத் தராசின் உலோகப் பகுதி இழுத்து எடையையே மாற்றும். எஃகுத் தட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பற்பத்தில் இது எடைப் பிழையோடு போய்விடும். வெடிமருந்தில் அப்படி இல்லை. வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில், மருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பின் மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்கச் செம்புத் தகட்டைத் தொடச் சொல்வது சடங்குக்காக அல்ல. வீட்டு மேசையில் இருக்கும் மோட்டார் வைத்த கருவி எதுவும் அந்தத் தரத்துக்குச் செய்ததில்லை.

ஈரமும் உண்டு. ஐப்பசி அடைமழையில் திறந்து வைத்த சூரணம் தண்ணீரைக் குடித்து எடை கூடும். தராசு மருந்தையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்காது. நூற்றுக்கு இரண்டு பங்கு ஈரம் ஏறிய தூளை ஒரு மில்லிகிராம் சுத்தமாக நிறுத்து என்ன பயன்? வெடிமருந்திலும் இதே கதைதான். ஈரம் மாறினால் எடை மட்டுமல்ல, எரியும் வேகமும் மாறும். 0.02 கிரெயின் வித்தியாசத்துக்கு இருமடங்கு விலை கொடுக்கிற அமெரிக்கர், மருந்து டப்பாவின் மூடியைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் கொடுத்த காசு அங்கேயே கரைந்தது.

ஆகவே நம் ஊர்ச் சித்த மருந்துக் கடைக்காரர் என்ன வாங்கலாம்? தானியங்கிக் கருவி வேண்டாம். இரண்டாம் வகுப்பில், ஒரு மில்லிகிராம் காட்டுகிற, கண்ணாடிப் பெட்டியோடு உள்ள, உள்ளேயே படிக்கல் வைத்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிற ஒரு தராசு. காலையில் கடை திறந்ததும் அதைப் போட்டுவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்து, கணக்கு எழுதி, அரை மணி நேரம் கழித்து நிறுக்க உட்காரலாம். மின்னணு உறுப்புகள் ஒரே சூட்டுக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் அதே அரை மணி.

அப்போதும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் உளுந்து எடை பற்பத்தைத் தனித்தனியாக நிறுப்பது புத்திசாலித்தனம் இல்லை. தராசுக்கு 5 மில்லிகிராம் பிழை என்றால் 65 மில்லிகிராமில் அது நூற்றுக்கு எட்டுப் பங்கு. வைத்தியர் எழுதியது நூறு வேளை மருந்து என்றால், மொத்தமாக 6.5 கிராமை ஒரே தடவையில் நிறுத்து எடுக்கலாம். அதே 5 மில்லிகிராம் பிழை இப்போது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதோடு 43.5 கிராம் திரிகடுகுச் சூரணமோ, வைத்தியர் சொல்லும் வேறு துணைத் தூளோ சேர்த்து 50 கிராமாக்கினால், அரை கிராமுக்குள் ஓர் உளுந்து எடை பற்பம் வந்துவிடும்.

எடையின் பிழை இங்கே தீர்ந்து, கலப்பின் பிழை தொடங்குகிறது. 6.5 கிராம் பற்பத்தை 43.5 கிராம் சூரணத்தின் தலையில் கொட்டிக் கிண்டினால் ஒரு பொட்டலத்தில் இரண்டு உளுந்து போகும், இன்னொன்றில் ஒன்றுமே போகாது. கல்வத்தில் முதலில் பற்பத்துக்குச் சம எடை சூரணத்தைப் போட்டு அரைக்க வேண்டும். அது 13 கிராம். பிறகு இன்னொரு 13, 26 ஆகும். பிறகு மீதி 24. ஒவ்வொரு முறையும் நிறம் ஒன்றாகும் வரை அரைத்து, கல்வத்தின் ஓரத்தில் ஒட்டியதை வழித்து நடுவில் தள்ளி, மறுபடியும் அரைக்க வேண்டும். செந்தூரமாக இருந்தால் சிவப்புக் கீற்று மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளைப் பற்பத்தில் கொஞ்சம் சிரமம், கூடுதலாக அரைப்பது தவிர வழியில்லை. அதற்குப் பிறகு அரை அரை கிராமாகப் பொட்டலம் மடிக்க, பத்து மில்லிகிராம் காட்டுகிற இரண்டாம் வகுப்புச் சாதாரணத் தராசே போதும்.